தண்டனை எப்படி முடிவாகிறது: இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களின் நடைமுறை

குற்றவியல் வழக்கில் நீதிபதி எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. கூண்டில் நிற்கும் எதிரி குற்றம் செய்தாரா என்பது ஒன்று. செய்தார் என்றால் அவருக்கு என்ன தண்டனை என்பது மற்றொன்று. முதல் முடிவுக்கு வழிகாட்ட 1872 முதலே சாட்சியத்துக்கெனத் தனிச் சட்டம் இருந்து வருகிறது. எந்தச் சாட்சியை ஏற்கலாம், எதைத் தள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் யாருக்குச் சேரும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. இரண்டாவது முடிவுக்குச் சட்டம் தருவது பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு மட்டுமே. ‘ஏழு ஆண்டு வரை’ என்றோ ‘பத்து ஆண்டு வரை’ என்றோ பிரிவு சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த வரம்புக்குள் மூன்று மாதமா, மூன்று ஆண்டா, ஒன்பது ஆண்டா என்பதை நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இரண்டு முடிவுகளும் ஒரே மூச்சில் எடுக்கப்பட்ட காலம் உண்டு. 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் தண்டனை பற்றித் தனியாகக் கேட்கும் ஏற்பாடு இல்லை. 1973இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. அமர்வு நீதிமன்ற வழக்குகளில் 235(2), நடுவர் நீதிமன்ற வாரண்டு வழக்குகளில் 248(2) ஆகிய பிரிவுகளின்படி, குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை குறித்து எதிரியைக் கேட்டாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 258(2), 271(2) என்று எண் மாறியுள்ளன, உள்ளடக்கம் மாறவில்லை.

இந்தப் பிரிவின் பொருளை உச்ச நீதிமன்றம் 1976இல் சாந்தா சிங் வழக்கில் விளக்கியது. கேட்பது என்றால் வாய்வார்த்தையாக ஒரு கேள்வி கேட்டு முடிப்பதல்ல. எதிரியின் வயது, வளர்ப்பு, கல்வி, தொழில், குடும்பம், மனநிலை, முந்தைய நடத்தை, திருந்தும் வாய்ப்பு ஆகியவை பற்றி இரு தரப்பும் ஆவணங்களையும் தேவைப்பட்டால் சாட்சிகளையும் முன்வைக்க இடம் தருவது என்றது. அந்த வழக்கில் தண்டனை குறித்துக் கேட்கவில்லை என்பதற்காகவே மரண தண்டனை நீக்கப்பட்டு, வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 1989இல் அல்லாவுதீன் மியான் வழக்கில், குற்றவாளி என்று அறிவித்த நாளிலேயே தண்டனையையும் சொல்லாமல் பொதுவாக வேறொரு தேதிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

நடைமுறை இந்த அறிவுரைக்கு வெகுதூரத்தில் இருக்கிறது. கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளின் கடைசிப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு அந்தப் பத்தி மனப்பாடம் ஆகியிருக்கும். தண்டனை குறித்துக் கேட்டபோது, தான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்றும், வயதான தாயும் சிறு குழந்தைகளும் தன்னை நம்பி இருப்பதாகவும், குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறும் எதிரி கூறினார் என்று இரண்டு மூன்று வரிகள். அடுத்த வரியில் தண்டனை. பல ஆண்டுகள் சாட்சி விசாரணை நடந்த வழக்கில், ஒரு மனிதரின் அடுத்த பத்தாண்டு வாழ்க்கை சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எதிரியைப் பற்றிய தகவல் எதுவும் கோப்பில் இல்லாதபோது நீதிபதி எதை வைத்து எடைபோடுவார்? பெரும்பாலான வழக்குகளில் எதிரியின் வழக்குரைஞரே அதைத் தயாரிப்பதில்லை. விடுதலை கேட்டு வாதாடிவிட்டு, கட்சிக்காரர் குற்றவாளி ஆனால் என்ன சொல்வது என்று முன்கூட்டித் திட்டமிடுவதை அபசகுனம்போல் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நீதிபதியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சட்டம் இரண்டு வழிகளில் வரையறுக்கிறது. ஒன்று, நீதிமன்றத்தின் படிநிலை. இரண்டாம் வகுப்பு நடுவர் ஓராண்டு வரையும், முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டு வரையும், தலைமை நீதித்துறை நடுவர் ஏழு ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். தன் அதிகாரத்துக்கு மேற்பட்ட தண்டனை தேவை என்று நினைக்கும் நடுவர், வழக்கைத் தலைமை நடுவருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அமர்வு நீதிபதி சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையையும் விதிக்கலாம். ஆனால் அவர் விதிக்கும் மரண தண்டனை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை வெறும் காகிதம்தான். மற்றொரு வரையறை, குற்றத்துக்கான பிரிவு. 2024இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவு ஆறு வகைத் தண்டனைகளைச் சொல்கிறது: மரணம், ஆயுள் சிறை, கடுங்காவல் அல்லது மெய்க்காவல் சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம், சமூக சேவை. இவற்றில் எது, எவ்வளவு என்பதை ஒவ்வொரு குற்றப் பிரிவும் தனித்தனியே சொல்லும்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் தண்டனை முடிவாகிவிடும். போபால் விஷவாயு வழக்கு இதற்கு ஆறாத சான்று. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விபத்துக்கு, பத்தாண்டு வரை சிறை விதிக்கத்தக்க, பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்கீழ் முதலில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற 304ஏ பிரிவுக்கு இறக்கியது. அதன் உச்சவரம்பு இரண்டு ஆண்டு. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பெழுதிய நடுவர் ஏழு பேருக்கும் அந்த இரண்டு ஆண்டை விதித்தார். அன்றே அவர்கள் பிணையில் வெளியே வந்தார்கள். நாடு கொதித்தது. ஆனால் நடுவருக்கு அதற்கு மேல் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அலட்சிய மரணத்துக்கான உச்சவரம்பு ஐந்து ஆண்டாக உயர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவச் சிகிச்சையின்போது நிகழ்ந்த அலட்சியத்துக்கு மட்டும் இன்றும் இரண்டு ஆண்டுதான்.

வரம்புக்குள் நின்று நீதிபதி எடைபோடும் பொருள்கள் இருவகை. குற்றத்தின் கொடுமையைக் கூட்டும் சூழ்நிலைகள் ஒரு தட்டில்: முன்கூட்டித் திட்டமிட்டது, ஆயுதம் கொண்டுவந்தது, நம்பி வந்தவரை ஏமாற்றியது, குழந்தையோ முதியவரோ பாதிக்கப்பட்டது, முன்பே தண்டிக்கப்பட்டவர் என்பது. தணிக்கும் சூழ்நிலைகள் மறு தட்டில்: இளவயது, திடீர்ச் சினம், பிறர் தூண்டுதல், மனநோய், வறுமை, வழக்கு நடந்த நீண்ட காலத்தில் ஒழுங்காக வாழ்ந்தது. தண்டனையின் நோக்கம் எது என்பதைப் பொறுத்துத் தட்டுகளின் எடையும் மாறும். பழிக்கு ஈடுகட்டுவதா, மற்றவர்களை அஞ்சச் செய்வதா, ஆபத்தானவரை விலக்கிவைப்பதா, திருத்தி அனுப்புவதா என்பதை இந்தியச் சட்டம் எங்கும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கேள்வி ஒவ்வொரு நீதிபதியின் மனச்சாய்வுக்கு விடப்பட்டிருக்கிறது.

அந்தச் சாய்வு எப்படியெல்லாம் இயங்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலிருந்தே இரு துருவங்களைக் காட்டலாம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1974இல் எடிகா அனம்மா வழக்கில், இளம்பெண் ஒருவரின் வயதையும் அவர் வாழ்ந்த நிர்க்கதியையும் கருதி மரண தண்டனையை ஆயுளாக மாற்றினார். 1977இல் முகமது கியாசுதீன் வழக்கில், மோசடி செய்த இளைஞரின் சிறைக்காலத்தைக் குறைத்து, சிறையில் அவருக்குத் தகுந்த வேலை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார்; குற்றவாளியை நோயாளியைப் போல் பார்க்கும் பார்வை அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல் வந்த ரவாடா சசிகலா வழக்கு எதிர்த்திசையிலிருந்து பேசியது. பெண்மீது அமிலம் வீசியவருக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த ஓராண்டுக் கடுங்காவலை, அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த 30 நாளாக உயர் நீதிமன்றம் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து ஓராண்டை மீட்டது. குற்றத்துக்குப் பொருந்தாத இரக்கம் பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கும் அநீதி என்றது. இரண்டு பார்வைகளுமே சரியானவைதான். எந்த வழக்கில் எது மேலோங்க வேண்டும் என்பதற்குத்தான் நிலையான அளவுகோல் இல்லை.

நாடாளுமன்றம் இதற்குக் கண்ட எளிய வழி குறைந்தபட்சத் தண்டனை. போதைப்பொருள் சட்டம் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எடையை வைத்தே தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை என்றால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. இருபது கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு. பத்து ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை, கூடவே ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். இருபத்தொரு கிலோ மூட்டையைச் சுமந்து வந்த கூலியாளும் அதை அனுப்பிய முதலாளியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது கடுமையான ஊடுருவல் வன்முறைக்குக் குறைந்தபட்சம் இருபது ஆண்டு என்று வைத்தது. குழந்தைகளைச் சீரழிக்கும் கொடியவர்களுக்கு இது தகும். ஆனால் வீட்டைவிட்டு ஓடி மணம்முடித்த பதினேழு வயதுப் பெண்ணின் கணவனும் போக்சோவில்தான் தண்டிக்கப்படுகிறான். மேற்கு வங்க வழக்கொன்றில், வீட்டைவிட்டு வந்த சிறுமியோடு வாழ்ந்த ஒருவரின் தண்டனைத் தீர்ப்பை 2024இல் உச்ச நீதிமன்றமே மீட்டது. 2025 மே மாதம், பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் சொல்லும் அந்தப் பெண் அவரோடும் குழந்தையோடும் குடும்பம் நடத்துவதைக் கண்டு, அரசமைப்பின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தித் தண்டனை எதையும் விதிக்காமல் விட்டது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் மகளிர் நீதிமன்ற நீதிபதிக்கு, தன் கண்முன் நிற்கும் குடும்பம் சிதையும் என்று தெரிந்தாலும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக வழியில்லை.

சிறைக்கு அனுப்பாமல் விடும் வழிகள் சட்டத்தில் இருந்தும் தூசி படிந்து கிடக்கின்றன. சென்னை மாகாணம் 1936லேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுதுக்குமான சட்டம் 1958இல் வந்தது. திருட்டு, மோசடி போன்ற சிறு குற்றங்களில் முதன்முறை சிக்கியவரை எச்சரித்து விடலாம். மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் அலுவலரின் அறிக்கையைப் பெறாமலும் காரணம் எழுதாமலும் சிறைக்கு அனுப்பவே கூடாது. இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் வரும் தகுதியிழப்பும் ஒட்டாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனுக்கு இதன் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நன்னடத்தையில் விடத்தக்க வழக்கில் விடாவிட்டால் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றும் விசாரணை முறைச் சட்டம் கட்டளையிடுகிறது. இத்தனை இருந்தும், குற்றத்தின் தன்மையைக் கருதி நன்னடத்தைச் சட்டத்தின் பலனை வழங்க விரும்பவில்லை என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலான தீர்ப்புகள் அதைக் கடந்துவிடுகின்றன. சட்டம் கேட்ட காரணம் இதுவல்ல.

சமூக சேவை புதிதாக வந்திருக்கும் தண்டனை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறை தண்டிக்கப்பட்டு, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தவருக்கும், குடிபோதையில் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்தவருக்கும், அவதூறு செய்தவருக்கும், இன்னும் சில சிறு குற்றங்களுக்கும் இதை விதிக்கலாம். ஊருக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்பதே சட்டம் தரும் விளக்கம். எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஒரு நடுவர் மருத்துவமனை வளாகத்தைச் சுத்தம் செய்யச் சொல்லலாம். இன்னொருவர் போக்குவரத்தைச் சீர்செய்ய நிறுத்தலாம். தெளிவான விதிகள் வராதவரை இந்த நல்ல தண்டனையும் ஆளுக்கொரு விதமாகவே போகும்.

அபராதத்தில் ஒரு நுட்பம் உண்டு. கட்டத் தவறினால் எவ்வளவு காலம் சிறை என்பதையும் நீதிபதி அதே தீர்ப்பில் சொல்வார். ‘ஐயாயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம் மெய்க்காவல்’ என்ற வாசகம் எல்லோருக்கும் பழக்கமானது. பணமுள்ளவர் அன்றே கட்டிவிட்டுப் போவார். இல்லாதவர் வறுமைக்காகவே கூடுதலாக மூன்று மாதம் இருப்பார். எதிரியின் வருமானத்தைக் கேட்டறிந்து அபராதத்தை முடிவுசெய்யும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் வேரூன்றவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்குவது பற்றி நீதிமன்றம் கட்டாயம் சிந்திக்க வேண்டும், வழங்காவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் விதித்தது. இந்த வகையில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு குறிப்பிடத்தக்கது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்ததோடு, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது.

பல பிரிவுகளில் குற்றம் நிரூபணமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தண்டனை. அவற்றை ஏககாலத்தில் அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது பார்வைக்குச் சிறிய சொல், விளைவு பெரிது. ஐந்தும் ஏழும் ஏககாலத்தில் என்றால் ஏழு. அடுத்தடுத்து என்றால் பன்னிரண்டு. பழைய சட்டத்தில் அடுத்தடுத்த தண்டனைகளின் கூட்டுத்தொகைக்கு இருந்த பதினான்கு ஆண்டு வரம்பைப் புதிய சட்டம் இருபது ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. நீதிபதி இதுபற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்தடுத்து என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்ததால், இந்த ஒரு வரியை வாங்குவதற்காகவே மேல்முறையீடு போனவர்கள் உண்டு. விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும். பிணை கிடைக்காத ஏழைகள் பலருக்குத் தீர்ப்பு வரும்போது தண்டனை முடிந்தே போயிருக்கும். ஏற்கெனவே அனுபவித்த காலமே தண்டனை என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது தவறு. ஆயுள் என்றால் ஆயுள்தான் என்பது 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். பதினான்கு ஆண்டு என்பது, மரண தண்டனைக்கும் உரிய குற்றங்களில் ஆயுள் பெற்றவரை அரசு முன்விடுதலை செய்வதற்கு முன் அவர் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம். இந்த வரம்பு 1978இல் சட்டத்தில் நுழைந்தது. மரணத்துக்கும் இப்படிப்பட்ட ஆயுளுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் மூன்றாவது வழியைத் திறந்தது. இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டு என்று காலத்தைக் குறித்து, அதுவரை முன்விடுதலை கிடையாது என்று உத்தரவிடும் தண்டனை அது. இந்த அதிகாரம் செல்லுமா என்ற கேள்வி ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகளை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவிலிருந்து எழுந்த வழக்கில்தான் முடிவானது. 2015 டிசம்பரில் ஐவர் அமர்வு, அது செல்லும், ஆனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றது.

மரண தண்டனையில்தான் தண்டனை விதிக்கும் கலையின் எல்லாப் பலவீனங்களும் வெளிச்சத்துக்கு வருகின்றன. 1955 வரை கொலைக்கு மரணமே இயல்பான தண்டனை. ஆயுள் விதித்தால் காரணம் எழுத வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கி, மரணம் விதித்தால் சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு, ஆயுள் தண்டனை அறவே போதாது என்ற நிலை தோன்றும் அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரணம் என்று வரம்பு கட்டியது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. மூன்றே ஆண்டுகளில் மச்சி சிங் வழக்கின் தீர்ப்பு, குற்றத்தின் ஐந்து வகைகளைப் பட்டியலிட்டுப் பார்வையை மறுபடியும் குற்றத்தின் பக்கம் திருப்பியது. 1995இல் ராவ்ஜி வழக்கில் குற்றவாளியைப் பார்க்கவே வேண்டாம், குற்றத்தைப் பார்த்தால் போதும் என்று ஓர் அமர்வு சொன்னது. அது பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணான பிழை என்று உச்ச நீதிமன்றமே 2009இல் ஒப்புக்கொண்டது. இடையில் அந்தப் பிழையைப் பின்பற்றி வேறு பல மரண தண்டனைகள் உறுதியாகியிருந்தன.

ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் படிப்பவர் மனம் பதைக்காமல் இருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 1975இல் ஒரே குடும்பத்தின் நால்வரைக் கொன்றதற்காக மூவருக்கு ஒரே தீர்ப்பில் மரண தண்டனை. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். மனுக்கள் வெவ்வேறு அமர்வுகளுக்குச் சென்றன. ஒருவரின் மனு தள்ளுபடி. இன்னொருவரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மூன்றாமவரின் மனுவும் தள்ளுபடி. 1981 அக்டோபரில் முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங் அப்போது தடை பெற்றிருந்ததால் உயிர் தப்பினார். மூவரின் பங்கும் ஒன்றே என்று நீதிமன்றம் பின்னர் கண்டது. தூக்கில் போனவருக்கு மட்டும் அந்தக் கண்டுபிடிப்பு பயன்படவில்லை.

தமிழ்நாட்டு வழக்குகளிலும் ஒரே உண்மைகளுக்கு மேலே போகப்போக வேறு வேறு தண்டனை வந்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாக்கி, மற்ற 19 பேரை விடுவித்தது. தருமபுரியில் 2000 பிப்ரவரியில் பேருந்தை எரித்து வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவரைக் கொன்ற வழக்கில், மூன்று பேரின் மரண தண்டனையை 2010இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 2016இல் சீராய்வில் அதே தண்டனையை ஆயுளாக மாற்றியது. கும்பல் வெறியில் முன்திட்டமின்றி நடந்தது, அந்த மாணவியர்மீது தனிப்பட்ட பகை இல்லை என்பவை காரணம். உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக்கொலை வழக்கில் 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு விதித்த மரண தண்டனை, 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஐவருக்கு இருபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத ஆயுளாகவும் ஒருவருக்கு விடுதலையாகவும் மாறியது. மேல்முறையீடு இருப்பதே பிழை திருத்துவதற்குத்தான். ஆனாலும் உயிரைப் பற்றிய முடிவு அமர்வுக்கு அமர்வு இவ்வளவு மாறுவதைப் பொறுத்துக்கொள்வது கடினம். யார் இந்தத் தண்டனையைச் சுமக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்து 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்.

இந்த நிலையை மாற்ற 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உருப்படியான நடைமுறை ஒன்றை வகுத்தது. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் எதிரியின் மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, கல்வி, வறுமை, சிறை நடத்தை ஆகியவை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை குறித்துப் பேச எதிரிக்கு உண்மையான, போதிய அவகாசம் தருவது எப்படி என்ற கேள்வி ஐவர் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மரணத்தின் விளிம்பில் நிற்பவருக்கு மட்டும் இந்த அறிக்கை போதுமா? ஏழு ஆண்டு, பத்து ஆண்டு சிறை போகிறவரைப் பற்றியும் நீதிபதி நான்கு பக்கம் படித்துவிட்டு முடிவெடுப்பதே முறை.

நீதிபதி எழுதும் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதை 2023ஆம் ஆண்டின் சூரத் வழக்கு காட்டியது. அவதூறுக்காக ராகுல் காந்திக்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆண்டு, அந்தப் பிரிவின் உச்சவரம்பு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவுப்படி இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கப்பட்டால் பதவி போகும். ஒரு நாள் குறைவாக விதித்திருந்தாலும் தகுதியிழப்பு நேர்ந்திருக்காது என்று ஆகஸ்டில் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், உச்சத் தண்டனைக்கு நடுவர் காரணமே சொல்லவில்லை என்பதால் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. எதிரி புகழ்பெற்ற தலைவர் என்பதால் இந்தக் கேள்வி தேசத்தின் கவனத்துக்கு வந்தது. காரணம் எழுதாத உச்சத் தண்டனையோடு பெயர் தெரியாத எத்தனையோ பேர் சிறையில் இருக்கிறார்கள்.

வேறு நாடுகள் அளவுகோலை எழுதிவைத்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்கா 1984இல் சட்டமியற்றி, 43 குற்ற நிலைகளையும் முற்குற்றத்தின் ஆறு வகைகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த கட்டப் பட்டியலைக் கொண்டுவந்தது. அது நீதிபதிகளின் கையைக் கட்டிப்போட்டது. 2005இல் புக்கர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை வெறும் ஆலோசனையாக இறக்கிவிட்டது. இங்கிலாந்தில் 2010 முதல் தண்டனை மன்றம் ஒன்று இயங்குகிறது. விளைந்த தீங்கு, குற்றவாளியின் பொறுப்பு என்ற இரண்டை வைத்துத் தொடக்கப் புள்ளியைச் சொல்லி, அதிலிருந்து ஏறவோ இறங்கவோ நீதிபதிக்கு இடம்விடும் முறை அது; விலகினால் காரணம் வேண்டும். இந்தியாவுக்கு ஒத்துவரக்கூடியது இந்த இரண்டாவது வழிதான். 2003இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு, தண்டனை வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டபூர்வக் குழு அமைக்கப் பரிந்துரைத்தது. 2012இல் சோமன் எதிர் கேரளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் இல்லாத குறையை வெளிப்படையாகப் பேசியது. 2024 மே மாதம், விரிவான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசை மீண்டும் கேட்டது. அதற்குள் மூன்று குற்றவியல் சட்டங்களும் புதிதாக எழுதப்பட்டுவிட்டன. அப்போதும் இந்த இடம் காலியாகவே விடப்பட்டது பெரிய குறை.

தண்டனை சொன்ன பிறகு நடப்பவையும் சட்டத்தில் ஒழுங்காக வகுக்கப்பட்டுள்ளன. பிணையில் இருந்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றால், மேல்முறையீட்டுக்கு அவகாசம் தந்து விசாரணை நீதிமன்றமே தண்டனையை நிறுத்திவைக்கும். அதற்கு மேல் என்றால் மேல் நீதிமன்றத்தை நாட வேண்டும். தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை. இழப்பீடு போதாது என்று அவர் கேட்கலாம். தண்டனையைக் கூட்டுவதற்கு முன் தண்டிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தந்தாக வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை அந்த இடத்திலேயே இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். அந்தக் கணக்கு தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்குகிறது.